ஒன்பது பாட்டும் ஒரு முனகலும்

ஜூன் 11, செவ்வாய்

எல்லாவற்றையும் எழுதி வைக்கும்படி டாக்டர் சொல்லியிருக்கிறார். பிரஷர், சாப்பாடு, மாத்திரை, வயிறு போனது போகாதது, புதிதாகப் பேச்சு ஏதாவது வந்தால் அது. அதனால் எழுதுகிறேன். மற்றபடி டைரி எழுதுகிற ஆள் இல்லை நான். கான்வென்ட் பள்ளியில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவளுக்கு எழுத என்ன இருக்கிறது.

இன்று ரோமால்டை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். என் வீட்டுக்காரர். மில்லில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். போன மாதம் குளித்துவிட்டு வந்தவர் துண்டோடு கீழே விழுந்தார். வலது கை போயிற்று, வலது கால் பாதி போயிற்று, பேச்சு முழுக்கப் போயிற்று. ஒரே ஒரு வார்த்தை மிஞ்சியிருக்கிறது: "அதான்." பசித்தால் அதான், வலித்தால் அதான், என்னைப் பார்த்தாலும் அதான். மஸ்கட்டிலிருந்து எங்கள் மகள் ஷெரின் வீடியோவில் வந்து "டாடி" என்று அழுதாள். அவளுக்கும் அதான்.

பிரஷர் 150/90. அரைக் கிண்ணம் கஞ்சி. பார்க்க வந்தவர்கள் ஏகப்பட்ட பேர். ஒருவருக்கும் கதவைச் சாத்திவிட்டுப் போகத் தெரியவில்லை. எங்கள் தெருவில் சாக்கடை திறந்து கிடக்கிறது. சாயங்காலம் கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தால் போதும், வீடு நிறையக் கொசு. ஒரு கை விழுந்துபோன மனுஷன் எப்படி அடிப்பார்? "கதவச் சாத்துங்க, கொசு வருது" என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. பக்கத்து வீட்டுக் கொரற்றிக்கு இருபது வருஷமாகச் சொல்கிறேன். அவளுக்கு மண்டையில் ஏறவில்லை. நல்லவள்தான், மீன் குழம்பு கொண்டுவந்தாள். இரண்டு கையிலும் பாத்திரம் என்றால் கதவை யார் சாத்துவது என்று கேட்பாள். போகும்போது கை சும்மாதானே இருக்கிறது.

ஜூன் 14

பிரஷர் 140/90. இட்லி ஒன்று. அதான்.

ஜூன் 18

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் வந்தாள். நஸ்ரின் என்று பெயர், திருநெல்வேலியிலிருந்து வாரம் ஒரு முறை வருவாள். சின்ன வயசு, ஆனால் வளவளவென்று பேசுவதில்லை. எனக்குப் பிடித்துவிட்டது.

"பேச்சு இருக்கிற எடத்துலதான் அடி பட்டுருக்கும்மா. பாட்டு வேற பக்கமும் இருக்கும். பேச முடியாத சில பேரு பாடிருவாங்க. அந்தப் பாட்டு வழியா ரெண்டு மூணு வார்த்தைய வெளிய இழுத்துப் பாக்கலாம். எல்லாருக்கும் நடக்காது. ஆச காட்டல, உள்ளதச் சொல்லுதேன். ஸாருக்குப் பாட்டுப் பழக்கம் உண்டா?"

வாலிப வயசில் ஒரு கோஷ்டி வைத்திருந்தார், கிட்டார் வாசித்துப் பாடுவார் என்று சொன்னேன். கல்யாண ரிசப்ஷன், கோவில் திருவிழா. எங்கள் கல்யாணத்துக்கு முன்னாலேயே அது கலைந்துபோயிற்று. நான் ஒரு கச்சேரியைக்கூடப் பார்த்ததில்லை.

அவள் போனபிறகு நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான். ஜெசி என்று ஒரு தடவை அவர் என்னைக் கூப்பிட வேண்டும். மறுபக்கத்துக் கழுத்து ரத்தக்குழாயிலும் அடைப்பு இருக்கிறதாம். இன்னொன்று வந்தால் உடம்பு தாங்காது, அறுத்துச் சரி செய்கிற நிலைமையிலும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் ஒரு தடவை ஜெசி என்று சொல்லிவிட்டால் போதும்.

ஜூன் 20

சினிமாப் பாட்டு போட்டுப் பார்த்தோம். மாதா பாட்டும் போட்டோம். அவர் வாயைத் திறந்து பாதி வரி ஆரம்பிப்பதற்குள் கொரற்றி சேர்ந்து பாடுகிறாள், அவள் வீட்டுக்காரர் கை தட்டுகிறார், பிசியோதெரபி தம்பி "அந்த வரி இல்ல ஸார், இது" என்று எடுத்துக் கொடுக்கிறான். ஊருக்கே தெரிந்த பாட்டு என்றால் ஊரே வந்து திருத்தும். அவர் வாயை மூடிக்கொண்டார். எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு நான் தனியாகப் பாடிப் பார்த்தேன். எனக்குப் பாட வராது. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜூன் 23

சாயங்காலம் ஒரு முனகல். வலி என்று நினைத்து ஓடினேன். வலி இல்லை, மெட்டு. கொஞ்சம் ஏறி, ஒரு இடத்தில் நின்று யோசித்து, பிறகு மடமடவென்று இறங்குகிறது. வார்த்தை இல்லை, ம்ம் ம்ம் என்று மட்டும். எனக்குத் தெரிந்த எந்தப் பாட்டும் இல்லை. கொரற்றி வழக்கம்போலக் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போனாள், நான் அடுப்படியிலிருந்து கத்தினேன், அதற்குப் பிறகுதான் இவர் ஆரம்பித்தார். சத்தம் போட்டதால் எரிச்சல் போலிருக்கிறது.

பிரஷர் 146/90.

ஜூன் 25

தையல் மிஷின் ஆடாமலிருக்க ஒரு காலுக்கு அடியில் எதையோ துணியில் சுற்றி அண்டை கொடுத்திருந்தது. அவர் வைத்ததுதான், எந்தக் காலத்திலோ. இன்று பெருக்கும்போது பிரித்துப் பார்த்தேன். கேசட். பிளாஸ்டிக் பெட்டி கீறியிருக்கிறது, உள்ளே நாடா நன்றாகவே இருக்கிறது.

அட்டையில் "சில்வர் ஆங்கர்ஸ், ஒன்பது சொந்தப் பாடல்கள், 1987." தூத்துக்குடி துறைமுகத்துப் பாறைமேல் நான்கு பையன்கள், கையில் கிட்டார். நெற்றி மறைய முடி வைத்திருக்கிற ஒல்லிக்குச்சி இவர். கொரற்றி வீட்டுப் பரணிலிருந்து டேப்ரெக்கார்டரை இறக்கித் துடைத்துப் போட்டோம்.

எனக்குப் பாட்டைப் பற்றித் தெரியாது, தெரிந்ததை எழுதுகிறேன். முதலில் ஒரு கிட்டார் மட்டும் வருகிறது, கைநிறையக் கண்ணாடி வளையலைக் குலுக்கினது மாதிரி. இரண்டு பேர் சேர்ந்து பாடுகிறார்கள், ஒருவர் மேலே ஒருவர் கீழே. கீழே பாடுகிறவர் இவர். பாட்டு துக்கப் பாட்டு, ஆனால் கால் தானாகத் தாளம் போடுகிறது. மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. இவ்வளவுதானா என்று தோன்றுகிறது.

ரோமால்ட் தலையைத் திருப்பினார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு ஒரு சத்தத்துக்கு அவராகத் தலையைத் திருப்பியது இதுதான் முதல் தடவை. அப்புறம் தூங்கிவிட்டார். நாடா சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பதற்காக இரண்டாம் பக்கத்தையும் போட்டேன்.

ஜூன் 28, வெள்ளி

பாடிவிட்டார். மூன்றாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கேசட்டில் அதற்கு வரி "தூரத்து விளக்கே, ஒரு கண்ணை மூடு." இவர் அதே மெட்டில், கோணின வாயால், ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக, "ரெண்டு டீ, ஒரு பன்னு, சக்கர கம்மி" என்று பாடினார்.

டீ போட்டேன், சர்க்கரையைக் குறைத்தேன், கொரற்றி வீட்டுப் பையனை ஓட்டமாக அனுப்பி பன் வாங்கிவரச் சொன்னேன். பன்னை டீயில் நனைத்து வாயருகே கொண்டுபோனால் தட்டிவிட்டார். அதான், அதான். டீ அவர் சட்டையெல்லாம். மறுபடியும் அதே வரி. மறுபடியும் டீ. மறுபடியும் தட்டிவிட்டார்.

சாயங்காலம் ஐந்தாவது பாட்டுக்கு "பிங்கோ கொலைக்குது, கயித்த அவுரு" என்றார். தெருவில் நாய் இருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். எங்களிடம் எந்தக் காலத்திலும் நாய் கிடையாது. நஸ்ரினுக்குப் போன் செய்தேன். "சில நேரம் வார்த்த கொழம்பும்மா, கண்டதும் வரும்" என்றாள்.

வந்தது பேச்சு இல்லை. புத்தியும் போய்விட்டது. குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

ஜூலை 2

எட்மண்ட் வந்தார். அட்டைப் படத்தில் பெரிய கிட்டாரோடு நிற்கிறவர். எண்பத்தொன்பதில் துபாய்க்குப் போனதோடு கோஷ்டி கலைந்தது. இப்போது ஊரில் ஏ.சி. ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். ரோமால்டைப் பார்த்ததும் முகம் கறுத்துப்போயிற்று, ஆனால் "என்ன மாப்ள, படுத்தே கெடந்து கலர் வச்சிட்ட" என்றார். இவர் இடது கையால் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

டீ பன் கதையைச் சொன்னேன். எட்மண்ட் சிரிக்க ஆரம்பித்தவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. புத்தி கலங்கின மனுஷனைப் பார்த்துச் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"கலங்கல மதினி. அவன் கரெக்டாப் பாடுதான். அதான் அந்தப் பாட்டோட மொதல் வரி. எங்களுக்கு மெட்டுதான் மொதல்ல வரும், வார்த்த பொறவுதான். மெட்டு மறந்துரக் கூடாதுல்லா, அதுக்கு வாய்க்கு வந்தத டம்மியாப் போட்டுப் பாடிக்கிட்டே இருப்போம். மாசக் கணக்குல. டீக்கடையில ஒக்காந்து போட்ட மெட்டுக்கு டீயும் பன்னும். ரிகர்சல் ரூம் ஓனர் வீட்டு நாயிதான் பிங்கோ, கட்டிப் போட்டா கொலைச்சு உயிர வாங்கும். காதுல எது கூட விழுந்துச்சோ அதுதான் டம்மியில வந்து ஒக்காரும். நல்ல வரிய எழுதி நாலு தடவ பாடியிருப்போம், டம்மிய நானூறு தடவ பாடியிருப்போம். அடி பட்ட மண்டையில எது நிக்கும்?"

கிட்டாரை எடுத்து மூன்றாவது பாட்டை வாசித்தார். ரோமால்ட் ரெண்டு டீ கேட்டார். எட்மண்ட் மேல் குரலில் சேர்ந்து, அவரும் ரெண்டு டீ கேட்டார். கிழட்டுப் பயல்கள் இரண்டு பேரும் சின்னப் பிள்ளை மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்தது, ஏன் மறைக்க வேண்டும்.

இவ்வளவு நன்றாக இருக்கிற பாட்டு ஏன் ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை என்று கேட்டேன்.

"ரிசப்ஷன்ல எல்லாம் சினிமாப் பாட்டுதான் மதினி கேப்பாவ. நடுவுல ஒண்ணு ரெண்டு எங்க பாட்டச் சொருகுவோம். சொந்தப் பாட்டுன்னு மைக்ல சொன்னா போதும், சனம் முழுக்க எந்திச்சு சாப்பிடப் போயிரும். சமையக்காரரு எங்ககிட்ட வந்து கேப்பாரு, 'தம்பி, ஒங்க பாட்டு எப்ப? எல போடணும்.' காலிச் சேருக்குத்தான் பாடுனோம். ஆனா ஒண்ணு சொல்லுதேன், அந்தக் காலிச் சேருக்குப் பாடும்போதுதான் இவன் மூஞ்சி நல்லாருக்கும்."

நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். ஒரு கிட்டாரையும் ஒரு தொண்டையையும் மட்டும் வைத்துப் பாடினாலும் மெட்டு நிற்க வேண்டுமாம். நின்றால் அது பாட்டாம். அடுத்த தடவை வரும்போது கதவைச் சாத்திவிட்டுப் போகும்படி சொல்லியனுப்பினேன்.

ஜூலை 3

காலையிலிருந்து ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. டீக்கடை இருக்கிறது, நாய் இருக்கிறது, நாயைக் கட்டின கயிறு இருக்கிறது. மற்றப் பாட்டுகளின் டம்மியில் துறைமுகத்துச் சங்கு இருக்கிறது, எவனோ ஒரு சைக்கிள் கடைக்காரன் இருக்கிறான். இந்த மனுஷனிடம் மிச்சமிருக்கிற பேச்சு முழுவதும் எண்பத்தொன்பதோடு முடிந்துவிடுகிறது. நான் இந்த வீட்டுக்கு வந்தது தொண்ணூறு ஜனவரி.

பிரஷர் 144/88. கஞ்சி முழுக் கிண்ணம்.

ஜூலை 9

நஸ்ரின் எட்மண்டைப் பார்த்ததும் உற்சாகமாகிவிட்டாள். இவர் இடது கையைத் தட்டிக்கொண்டே, "ரெண்டு டீ" என்கிற இடத்தில் "தண்ணி தா" என்று வைத்துப் பாடச் சொன்னாள். எத்தனையோ தடவைக்குப் பிறகு வந்தது. தண்ணி தா. கொடுத்தேன். குடித்தார். தட்டிவிடவில்லை.

ஊருக்குத் தெரிந்த பாட்டு என்றால் இது நடந்திருக்காது. இந்தப் பாட்டை மாற்றிப் பாடினால் சண்டைக்கு வர ஆள் இல்லை. நஸ்ரின் மெட்டைத் தன் போனில் பதிந்துகொண்டாள். பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே போனதாகப் பிறகு போன் செய்து சொன்னாள்.

ஜூலை 15

இன்று என் பெயர். நான் கேட்கவில்லை, எட்மண்டே சொன்னார். பிங்கோ இருக்கிற இடத்தில் ஜெசியை வைத்தால் அளவு சரியாக வருமாம். நாய் இருந்த இடத்தில் வைக்கிறதற்கு எனக்கு ஒன்றும் இல்லை, எங்கேயாவது வைத்தால் சரி. ஜெசி வருது, ஜெசி வருது என்று எட்மண்ட் பாடினார். நானும் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். பவுடர் போட்டிருந்தேன், எதற்கென்று தெரியவில்லை.

ரோமால்ட் என் முகத்தை நன்றாகப் பார்த்தார். கையைத் தட்டினார். பிங்கோ என்றார். மறுபடியும் பிங்கோ. வேர்க்க வேர்க்கப் பாடினார், ஒவ்வொரு தடவையும் பிங்கோ. கடைசியில் அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. அவருக்குத் தெரிகிறது, அந்த வார்த்தை இல்லை என்று தெரிகிறது, வேறு வார்த்தைதான் வர மாட்டேன் என்கிறது.

போதும் என்று சொல்லிவிட்டேன். செத்துப்போன ஒரு நாயிடம் தோற்றேன். இதை ஷெரினிடம் சொல்லவில்லை.

ஜூலை 26

மாதா கோவிலில் கொடியேற்றம். தெருவே அங்கேதான். நான் போகவில்லை. டேப்ரெக்கார்டர் தலையைத் துடைத்தேன், துடைத்தது சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆறாவது பாட்டைப் போட்டேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

அந்தப் பாட்டில் ஒரு இடம் இருக்கிறது. குரல் மேலே போகப்போகிறது என்று நாம் நினைக்கிற நேரத்தில் போகாமல் பக்கத்தில் ஒதுங்கி நிற்கிறது, அந்த இடத்தைக் கிட்டார் எடுத்துக்கொள்கிறது. நாலைந்து தடவை பின்னால் ஓட்டிக் கேட்டேன். அப்போது எனக்கு இந்த மனுஷனைத் தெரியாது. துறைமுக ரோட்டில் எதிரே வந்திருந்தாலும் ஒதுங்கித்தான் போயிருப்பேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

தேர் பார்க்க எல்லாரும் போயிருந்தார்கள். மத்தியானம் அவருக்கு வலிப்பு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆட்டோ கிடைக்கவில்லை, கூட்டம். எட்மண்ட்தான் கடை வண்டியை எடுத்துக்கொண்டு சந்து சந்தாக வந்தார்.

ஆகஸ்ட் 8

வீட்டுக்கு வந்தோம். சின்ன ரத்தக் கசிவாம். தண்ணி தா போய்விட்டது. டீயும் போய்விட்டது. நாயும் போய்விட்டது. கேசட்டைப் போட்டால் கண்ணைத் திறந்து பார்க்கிறார், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 19

மூக்கில் குழாய். 130/80. அதான்கூட இல்லை.

ஆகஸ்ட் 27

அந்த முனகல் மட்டும் இருக்கிறது. சாயங்காலமானால் வருகிறது. ஏறி, நின்று, மடமடவென்று இறங்குகிறது. ஒன்பது பாட்டில் அது இல்லை, நாடா முழுக்கத் தேடிவிட்டேன். எட்மண்டை உட்காரவைத்துக் கேட்கச் சொன்னேன். அவருக்கும் தெரியவில்லை. "நான் இருக்கும்போது போட்ட மெட்டு இல்ல மதினி. நான் போன பொறவு தனியாப் போட்டிருப்பான். எனக்கு ஒரு வார்த்த எழுதல, பாரு" என்று அவர்மேல் கோபித்துக்கொண்டார்.

கிட்டாரில் தேடினார். ஒன்றும் பொருந்தவில்லை. நான் ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு இவர் கிட்டாரைத் தொட்டு நான் பார்த்ததில்லை என்று சொன்னேன். பிறகு யோசித்துப் பார்த்தால், முதல் வருஷம் மில்லிலிருந்து வந்ததும் மாடியில் தனியாக உட்கார்ந்திருப்பார். நான் சோறு ஆறுகிறது என்று கீழேயிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருப்பேன். என்ன செய்கிறார் என்று ஏறிப் போய்ப் பார்த்ததில்லை.

செப்டம்பர் 3

முதுகில் புண். மருந்து வைத்துத் திருப்பிப் படுக்கவைத்தேன். கொரற்றி கால் பக்கம் பிடித்தாள். அவள் இல்லையென்றால் நான் என்ன செய்வேன். போகும்போது கதவைத் திறந்து போட்டுவிட்டுத்தான் போனாள்.

செப்டம்பர் 8, ஞாயிறு

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

சாயங்காலம் எட்மண்ட் வந்தார். வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தாராம். மெட்டு முதல் சுரத்தில் தொடங்குகிறது என்று நினைத்து இத்தனை நாள் கிட்டாரில் அதற்கு ஒத்த சுரம் தேடியது தப்பு, அது பாதி வழியில் தொடங்கி வீட்டுக்குத் திரும்பி வருகிற மெட்டு என்றார். எனக்குப் புரியவில்லை. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக வாசிக்க ஆரம்பித்தார். இந்தத் தடவை முனகலும் கிட்டாரும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தன. அடுப்படியில் இருந்த எனக்கே அது தெரிந்தது.

அப்போது கொரற்றி இடியாப்பம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். கதவு திறந்து கிடந்தது. நான் அகப்பையும் கையுமாக எட்டிப் பார்த்து, "கதவச் சாத்து, கொசு வருது" என்று கத்தினேன்.

கட்டிலிலிருந்து பாட்டு வந்தது. மூக்கில் குழாயோடு, காற்றுதான் பாதி, ஆனால் வார்த்தை வார்த்தைதான்.

கதவச் சாத்துங்க, கொசு வருது
செருப்பக் கழட்டுங்க, மண்ணு வருது
சோறு ஆறுது, கொழம்பு ஆறுது
எத்தன தடவ நான் சொல்லுதது

எட்மண்ட் வாசிப்பதை நிறுத்தவில்லை. முதலிலிருந்து திருப்பி வாசித்தார். ரோமால்ட் திருப்பிப் பாடினார். நான்கு வரியும், ஒன்றும் விடாமல், கடைசி வரியில் மடமடவென்று இறங்கி வந்து நின்றார்.

"நல்லாருக்கே மதினி. இத யாரு எழுதுனது?" என்று கேட்டார் எட்மண்ட்.

"நான்தான்" என்றேன்.

அகப்பையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. குழம்பு தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. தொண்ணூறாம் வருஷம் முழுக்க நான் மாடிப்படிக்குக் கீழே நின்று கத்தினதை இந்த மனுஷன் மேலே உட்கார்ந்து மெட்டில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நல்ல வரி பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டிருப்பார். எழுதவே இல்லை. நானூறு தடவை இதையே பாடியிருக்கிறார், மனசுக்குள். கத்துகிற பொம்பளை என்று அம்மா என்னை வைவாள். என் கத்தல் இவர் மண்டையில் எல்லாவற்றுக்கும் கீழே, நாய்க்கும் டீக்கும் கீழே, கொட்டாமல் கிடந்திருக்கிறது.

என் பெயர் அதில் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன். பரவாயில்லை.

செப்டம்பர் 9

மூன்று தடவை பாடினார். கொசுவத்தி வைக்கவில்லை, கதவை வேண்டுமென்றே திறந்து வைத்துவிட்டுக் கத்தினேன். எனக்குப் பைத்தியம்தான்.

செப்டம்பர் 10

ஒரு தடவை. பாதிதான். சோறு ஆறுது வரை.

செப்டம்பர் 13

காய்ச்சல் 102. நெஞ்சில் சளி உறுமுகிறது.

செப்டம்பர் 17

ஐ.சி.யூ. காலையில் ஐந்து நிமிஷம், சாயங்காலம் ஐந்து நிமிஷம் உள்ளே விடுகிறார்கள். வாயில் பெரிய குழாய். காதருகே குனிந்து நான்கு வரியையும் சொன்னேன். பாடவில்லை, சொன்னேன். தலைமாட்டில் இருக்கிற பெட்டியில் பச்சைக் கோடு ஓடினபடியே ஓடிக்கொண்டிருந்தது. கை சூடாக இருந்தது, நான் பிடித்தால் திருப்பிப் பிடிக்கவில்லை. டாக்டர் என்னிடம் பேசும்போது தரையைப் பார்த்துப் பேசுகிறார்.

செப்டம்பர் 20, வெள்ளி

காலையில் போய்விட்டார். பிரஷர் எழுத வேண்டியதில்லை.

அக்டோபர் 2

ஷெரின் மஸ்கட்டுக்குத் திரும்பிவிட்டாள். என்னையும் கூப்பிட்டாள். பார்க்கலாம் என்று சொன்னேன். கட்டிலை மடக்கிவிட்டேன். கேசட்டைத் திருப்பி மிஷின் காலுக்கு வைக்க மனசு வரவில்லை, மிஷின் ஆடிக்கொண்டேதான் இருக்கிறது.

அக்டோபர் 14

எட்மண்ட் ஒரு தாள் கொண்டுவந்தார். அந்த மெட்டுக்கு நல்ல வரி எழுதியிருக்கிறாராம். முப்பதாம் நாள் ஜெபத்துக்குப் பிறகு வீட்டில் பாட வேண்டும் என்று ஆசை. படித்தேன். கடல், கரை, கலங்கரை விளக்கு, மறு உலகம், மீண்டும் சந்திப்போம். எல்லாம் நல்ல வார்த்தைகள்தான். ஜாக்கெட்டுக்கு வருகிற சில துணி கடையில் பளபளவென்று இருக்கும், ஒரு துவைப்பில் தெரிந்துவிடும்.

"வேண்டாம்" என்றேன்.

"டம்மிய வச்சுப் பாட முடியுமா மதினி? ஃபாதர் இருப்பாரு, சொந்தக்காரங்க இருப்பாவ."

"நீங்க வாசிங்க. பாட்டு இல்லாம வாசிங்க."

மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கொஞ்சம் வருத்தம்தான் அவருக்கு. இருக்கட்டும்.

அக்டோபர் 20, ஞாயிறு

காலையில் பூசை. சாயங்காலம் வீட்டில் ஜெபம். ஹால் முழுக்க ஆள், வாசல் வரை நாற்காலி போட்டிருந்தோம். நஸ்ரின் திருநெல்வேலியிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். ஜெபம் முடிந்து ஃபாதர் வேறு வீட்டுக்குப் போகவேண்டும் என்று புறப்பட்டார். அடையும் டீயும் கொடுத்தோம். எட்மண்ட் கிட்டாரை எடுத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்தார்.

"இது ரோமால்டோட சொந்தப் பாட்டு" என்றார். வழக்கப்படி இரண்டு மூன்று பேர் எழுந்து டீ டம்ளரைப் போடப் போனார்கள். எனக்குக் கோபம் வரவில்லை, இப்படித்தான் நடக்கும் என்று தெரிந்துவிட்டது.

வாசிக்க ஆரம்பித்தார். பாட்டு இல்லாமல் வாசிக்கிறேன் என்று ஒத்துக்கொண்டவர், முதல் சுற்று முடிந்ததும் நிறுத்தாமல் மறுபடி முதலுக்கு வந்தார். மறுபடியும் முதலுக்கு வந்தார். என்னைப் பார்க்கவே இல்லை, கம்பியைப் பார்த்து வாசித்துக்கொண்டே இருந்தார். ஆனால் ஒவ்வொரு தடவையும் பாட்டு தொடங்குகிற இடத்தில் கொஞ்சம் மெதுவாகிறார். அந்த இடம் காலியாக இருப்பது ஹாலில் எல்லாருக்கும் கேட்டது. அந்த நான்கு வரி தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டு பேர்தான். ஒருவர் கை கிட்டாரில் இருக்கிறது.

எனக்குப் பாட வராது. பாடினேன்.

குரல் நடுங்கியது, சுருதி எங்கேயோ போயிற்று. கதவச் சாத்துங்க, கொசு வருது. யாரோ சிரிக்கப்போய் அடக்கிக்கொண்டார்கள். செருப்பக் கழட்டுங்க, மண்ணு வருது. எட்மண்ட் மேல் குரலில் வந்து சேர்ந்துகொண்டார். கீழே பாட வேண்டியவர் இல்லாததால் கீழே நான்தான். சோறு ஆறுது, கொழம்பு ஆறுது. நஸ்ரின் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கடைசி வரியில் மடமடவென்று இறங்குகிற இடத்தில் எனக்கு மூச்சு நின்றுபோயிற்று. எட்மண்ட் காத்திருந்தார். நான் இறங்கினேன்.

எட்மண்ட் கம்பியின்மேல் கையை வைத்து அமர்த்தினார்.

கொரற்றி நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு நடந்தாள்.

"சொந்தப் பாட்டுன்னா எந்திச்சுருவாவன்னு சொன்னேம்லா" என்றார் எட்மண்ட், எனக்கு மட்டும் கேட்கும்படி.

கொரற்றி கதவைச் சாத்திவிட்டு, திரும்பி வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.